கனமில்லாத பேட்டரி

அந்தம்மா அதைக் கையில் எடுத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையை நான் அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

“இன்னாண்ணா இது, பதரு மாதிரி கீது?”

சிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள். நெல் தூற்றிப் பழகிய கைக்கு எல்லாமே நெல்லாகத்தான் படும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தம்மா நைனார்பாளையம் பக்கம் கூலி வேலை செய்கிறவர். கரும்பு வெட்டுக்கும் போவார், மக்காச்சோளம் உடைக்கவும் போவார், பருத்தி எடுக்கவும் போவார். மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. வீடியோவுக்கும் போட்டோவுக்கும் சொல்லிவைக்கச் சின்னசேலத்தில் உரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். மேசைமேல் நான் புதிதாக வாங்கிவந்த மூன்று ஸ்பேர் பேட்டரிகள் கிடந்தன. அதில் ஒன்றைத்தான் அப்படி எடைபோட்டார்.

“அது புது டெக்னாலஜிம்மா. வெயிட்டு கம்மியாத்தான் இருக்கும்” என்றேன். எனக்கு அதைச் சொன்னவர் சேலத்தில் ஒரு சந்துக் கடைக்காரர். அவர் சொன்னதை அப்படியே அந்தம்மாவிடம் ஒப்பித்தேன்.

“எனுக்கு இன்னா தெரியும்” என்று கீழே வைத்துவிட்டார். பிறகு குரலை இறக்கினார். “ரெண்டே ரெண்டு விசயம்ண்ணா. மொதல் விசயம், தாலி கட்டும்போது உன் லைட்டு அணையக்கூடாது.”

ஏன் என்பதையும் அவரே சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு முன்பே ஒரு இடம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா இறந்துபோனார். வயதான மனிதர், படுத்த படுக்கையாகக் கிடந்தவர். ஆனாலும் பழி பெண் மேல் விழுந்தது. ராசியில்லாதவள் என்று சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டோடு உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது இந்த இடம். பையன் நல்லவன், பெண்ணைப் பிடித்துத்தான் கேட்டிருக்கிறான். சிக்கல் அவனுடைய அத்தை.

“அந்த அத்தைதான் பெரிய கை அந்த வூட்டுல. அவங்க சொன்னா சொன்னதுதான். நிச்சயத்துல ஒடைச்ச தேங்கா அழுவலா போச்சு. ‘ம்ம்’னு ஒரு சத்தம் குடுத்தாங்க பாரு, எனுக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. அவங்க சொந்தத்துல ஒரு கல்யாணம், குத்துவெளக்கு காத்துல அணைஞ்சிதுன்னு மணையில இருந்த பொண்ண எழுப்பி அனுப்புனவங்கண்ணா.”

“என் லைட்டு கரண்டு லைட்டும்மா, வெளக்கு இல்ல.”

“எரியறது எல்லாம் வெளக்குதான் அவங்களுக்கு.”

இந்தப் பேச்சை நான் குறித்தே வைத்திருக்கிறேன். மனிதர்கள் வாய்தவறிச் சொல்லும் நல்ல பேச்சுகளைப் பொறுக்கிவைப்பது என் பழக்கம். தொழிலை நான் யாரிடமும் போய்க் கற்கவில்லை. இப்படிப் பொறுக்கியதுதான் எல்லாம்.

“ரெண்டாவது விசயம்?” என்று என் மனைவி கேட்டாள்.

“அவங்கப்பா போயி அஞ்சு வருசம் ஆவுது. நான் முன்னாடி வந்து நிக்க முடியாது இல்ல. பின்னாடி எங்கனா ஒரு தூணு ஓரம்தான் நிப்பேன். எம்மவ கழுத்துல தாலி ஏர்றத வீடியோவுலதான் பாக்கணும். அது நல்லா வுழணும்.”

இரண்டையும் செய்கிறேன் என்றேன். எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்!

இந்த இடத்தில் பேட்டரி சங்கதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீடியோ கேமராவும் அதன் தலையில் மாட்டும் லைட்டும் ஒரே மாதிரி பேட்டரியில்தான் ஓடும். கேமராவோடு வந்த ஒரிஜினல் பேட்டரி இரண்டு இருந்தன. அவற்றில் 7.2 வோல்ட், 6600 என்று போட்டிருக்கும். சந்துக் கடைக்காரர் கொடுத்த ஸ்பேரில் 7.4 வோல்ட், 9900 என்று பெரிய எழுத்தில் மின்னியது. எனக்குப் பயம் வந்தது வோல்டேஜில்தான். கரண்டு கூடினாலும் குறைந்தாலும் கிணற்று மோட்டாரில் காயில் புகைந்து கையைக் கடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த 0.2 வித்தியாசத்தில் கேமரா எரிந்துபோகுமா என்று கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். எரியாது, இரண்டும் ஒன்றுதான் என்றார். அது உண்மை. உள்ளே இரண்டு செல் வரிசையாக இருந்தால் ஒரு கம்பெனி 7.2 என்று எழுதும், இன்னொன்று 7.4 என்று எழுதும். முழுக்க ஏறினால் இரண்டிலும் 8.4தான் இருக்கும்.

பயப்பட வேண்டாத இடத்தில் ஒரு மணி நேரம் பயந்தேன். பயப்பட வேண்டிய இடம், எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்று சொல்லும் அந்த 9900. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மூன்று வாங்கிவந்தேன். எண் பெரியது, எடை சின்னது. அது எப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கூலிக்காரப் பெண்ணுக்குத் தோன்றியது.

கல்யாணம் கல்வராயன் மலைமேல், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். தை மாதம். முதல்நாள் மத்தியானம் வேனில் ஏறினோம். கோமுகி அணை பின்னால் போனதும் குளிர் ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் வேனுக்குள் ஒருவர் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தார். மேலே போய் இறங்கினால் கரண்டு இல்லை. காலையில் அடித்த காற்றில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம்.

“எப்ப வருங்க?” என்று கோயில் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன்.

“வரும்” என்றார்.

“இன்னிக்கா, நாளைக்கா?”

“வரும்போது வரும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையைக் கிள்ளினார்.

கரண்டு உண்டு என்று நம்பி மைக்செட்காரர் ஜெனரேட்டர் ஏற்றிவரவில்லை. எங்களை இறக்கிய வேன் மிச்சப் பேரைக் காலையில் கூட்டிவரக் கீழே போய்விட்டது. என் பையில் ஐந்து பேட்டரிகள், ஐந்தும் முழுச் சார்ஜில். அதனால் அப்போது பெரிதாகக் கவலைப்படவில்லை.

சாயங்காலம் நலங்கு. இங்கேதான் நான் செய்த தவறு வருகிறது. எங்கள் தொழிலில் பலரிடமும் இருக்கும் பழக்கம் இது. ஆயுத பூஜையன்று கேமரா, லைட்டு, பேட்டரி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். முதன்முதலில் பொட்டு வாங்கிய பேட்டரி ராசியான பேட்டரி. எந்த விசேஷத்தையும் அதில்தான் ஆரம்பிப்போம். என் ஒரிஜினல் இரண்டிலும் குங்குமம் காய்ந்து கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கும் கை தானாக அவற்றைத்தான் எடுத்தது. ஒன்று கேமராவில், ஒன்று லைட்டில். புதிய பெரிய எண்கள் முகூர்த்தத்துக்கு இருக்கட்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

நலங்கு இழுத்துக்கொண்டே போனது. கரண்டு இல்லாததால் எல்லோரும் என் லைட்டை நம்பித்தான் சந்தனம் பூசினார்கள், மஞ்சள் தேய்த்தார்கள், தொலைந்த கம்மலைக்கூடத் தேடினார்கள். முடியும்போது லைட்டில் இருந்த ஒரிஜினல் செத்துவிட்டது. கேமராவில் இருந்ததில் பதினெட்டு நிமிடம் மிச்சம் என்று காட்டியது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

அத்தையை அப்போதுதான் நெருக்கத்தில் பார்த்தேன். ஒல்லியான உருவம், பெரிய மூக்குத்தி. நாங்கள் நினைத்ததுபோல் கத்துகிறவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். குத்துவிளக்கைச் சுற்றிக் காற்று மறைக்கப் பித்தளைத் தாம்பாளங்களை நிறுத்திவைத்து, ஒரு ஆளைக் காவலுக்கும் உட்கார வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“இன்னாப்பா, கரண்டு இல்லாம உன் லைட்டு எரியுமா காலைல?”

“எரியுங்கம்மா.”

“அணையாதே?”

“அணையாதுங்க.”

“சரி, உன் பொறுப்பு. அந்தப் பொண்ணுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு ஆச்சே” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். சோறு வெந்ததா என்று கேட்கிற தொனி.

காலை ஆறு மணிக்கு முகூர்த்தம் தொடக்கம். வெளியே வெளுத்திருந்தும் பனிமூட்டம் மண்டபத்துக்குள்ளேயே வந்து நின்றது. தாழ்ந்த கல்கூரை. பக்கத்தில் நிற்கிறவர் முகமே மங்கல். கேமராவில் ஒரு ஸ்பேரைப் போட்டேன், லைட்டில் இன்னொன்று. லைட்டின் முதுகில் நான்கு பச்சைப் புள்ளிகள் வரிசையாக எரிந்தன. கீழிருந்து வேனும் வந்து சேர்ந்தது, கூட்டம் நிறைந்தது.

பெண்ணை அழைத்துவந்தார்கள். லைட்டைப் போட்டேன். மண்டபமே பகலானது. யாரோ ஒரு பெரியவர் “ஆங்” என்று திருப்திப்பட்டார். நான் புள்ளிகளைப் பார்த்தேன், மூன்று. புடவை வாங்கிக்கொண்டு அவள் உடுத்தப் போய்த் திரும்பி வரும்வரை லைட்டை நிறுத்திவைத்தேன், புள்ளி மறுபடி நான்குக்கு ஏறியது. அப்பாடா என்றிருந்தது. மணையில் உட்கார்ந்ததும் போட்டேன். மூன்று, இரண்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று. வெளிச்சம் ஒரு தரம் கண் சிமிட்டியது.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

ஐயர் மந்திரத்துக்கு நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் பேட்டரியை மாற்றினேன். மூன்றாவது ஸ்பேர். நான்கு புள்ளி. கை விரல் பனியில் விறைத்திருந்தது, பேட்டரி ஐஸ்போல் இருந்தது. லைட்டைப் பாதியாகக் குறைத்துவைத்தேன். கொஞ்ச நேரம் தாங்கியது. தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்ற அனுப்பியபோது மூன்றாவதும் இரண்டு புள்ளிக்கு இறங்கியது. அதே நேரம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் படம் பட்டென்று கறுத்தது. கேமராவே அணைந்துவிட்டது. அதில் இருந்த ஸ்பேரும் பதர்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் மிச்சமிருந்த அந்த ஒரிஜினல். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அது கேமராவுக்கான கணக்கு. அதைவிட அதிகம் தின்னும் லைட்டில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியாது.

ஒரு பேட்டரி, இரண்டு வாய்.

தட்டு கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. தூணோரம் தலைகள் மட்டும் தெரிந்தன. அவற்றில் எது அந்தம்மா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீடியோவில்தான் பார்க்கணும் என்று சொன்ன குரல் மட்டும் கேட்டது. எதிரில் அத்தை. மூக்குத்தியில் என் லைட்டு மின்னியது. அது துடிப்பதும் அந்தக் கல்லில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரிஜினலை லைட்டில் மாட்டினேன். இரண்டு நொடி இருட்டு. ஐயர் மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்த நேரம் அது, எல்லோரும் அங்கே திரும்பியிருந்தார்கள். அத்தை திரும்பியிருந்தாரா? தெரியாது. இன்றுவரை தெரியாது.

லைட்டிலிருந்து கழற்றிய ஸ்பேரைக் கேமராவில் போட்டுப் பார்த்தேன், உயிர் வரவில்லை. பிறகு செத்த கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணை வைத்தால் உள்ளே கும்மிருட்டு. ஆனாலும் லென்சைத் திருகினேன், முன்னால் போனேன், குனிந்தேன், “மாப்ள, கொஞ்சம் இந்தப் பக்கம்” என்றுகூடச் சொன்னேன். பக்கத்தில் என் மனைவி பழைய கேமராவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். படம் மட்டும் எடுக்கிற கேமரா அது, அதன் பேட்டரி வேறு. அவள் என் முழங்கையை இடித்தாள்.

“ஏங்க, செவப்பு லைட்டு எரியல. ரெக்கார்டு ஆவல.”

“தெரியும். நீ எடு.”

“இன்னா தெரியும்? தாலி கட்டப் போறாங்க!”

“நீ எடுடி, கெஞ்சிக் கேக்கறேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள், லைட்டைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை விழுந்தது. மூன்று முடிச்சு. லைட்டு எரிந்தது. புள்ளி ஒன்றுக்கு வந்து, அந்த ஒன்றும் சிமிட்டிக்கொண்டிருக்க, வெளிச்சம் மட்டும் குறையாமல் எரிந்தது. மெட்டி போட்டு, அக்கினி சுற்றி முடித்து, அத்தை எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு பந்திப் பக்கம் நடந்த பிறகு தானாக அணைந்தது. என் சட்டை அந்தக் குளிரிலும் முதுகோடு ஒட்டியிருந்தது.

கீழே வந்த மறுநாள் மோட்டார் காயில் கட்டும் நண்பர் ஒருவரிடம் மூன்று ஸ்பேரையும் கொண்டுபோனேன். மீட்டரை வைத்தார். சார்ஜ் ஏற்றிய பேட்டரி, 8.3 காட்டியது.

“பாத்தியா, வோல்டேஜ் நல்லாத்தான் கீது” என்றேன்.

“சும்மா இருக்கறப்ப எல்லாரும் பயில்வான்தான். மூட்டைய தூக்கச் சொல்லு” என்று சொல்லி ஒரு பல்பை இணைத்தார். முள் சரசரவென்று இறங்கியது. “வோல்டேஜ்ங்கறது டேங்கு எவ்ளோ ஒசரத்துல கீதுன்றது. ஆம்பியர் அவர்ங்கறது டேங்கு எவ்ளோ பெருசுன்றது. உன்னுது ஒசரத்துல வெச்ச சொம்பு. கொழாயத் தெறந்தா மொதல்ல வேகமாத்தான் வரும்.”

அவர் பழகிய கை, கவனமாகக் கூட்டைப் பிரித்தார். நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். ஆறு செல் இருக்க வேண்டிய கூட்டில் இரண்டே செல். மீதி இடத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு, மற்றபடி வெறும் காற்று. நெல்லில் அரிசி இல்லாமல் உமி மட்டும் இருந்தால் அதற்கு என்ன பெயர்? நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தம்மா சொல்லிவிட்டார்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. செல்போனில் எடுத்தவர்கள் எல்லோரிடமும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவரின் முதுகு, அதற்கு மேலே என் லைட்டு. ஒன்றில்கூடத் தாலி இல்லை. கடைசியில் என் மனைவி எடுத்த படத்தை வீடியோவில் அந்த இடத்தில் நிறுத்தி, மேளச் சத்தம் சேர்த்து, ரோஜா இதழ் உதிர்கிற மாதிரி கிராபிக்ஸ் போட்டு நிரப்பினேன். எல்லாக் கல்யாண வீடியோவிலும் இருப்பதுதான், யாருக்கும் சந்தேகம் வராது.

அந்தம்மா ஸ்டுடியோவுக்கு வந்து, அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார். மூன்றாவது தரம் நானே நிறுத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. படத்தில் உதிர்ந்துகொண்டிருந்த இதழ்களை விரலால் தள்ளிவிடப் பார்த்தார், திரை என்று மறந்து.

“அந்தப் பதரா?” என்றார்.

“அதேதாம்மா.”

திரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, “தூணுக்குப் பின்னாடி எனுக்கு ஒண்ணும் தெரியலண்ணா. கூரைல உன் லைட்டு வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சிது. அதையே பாத்துக்கினு இருந்தேன். மோளம் கொட்டி முடியற வரைக்கும் அது அப்பிடியே நின்னுது. அப்ப கட்டிட்டாங்கன்னு தெரிஞ்சிக்கினேன்” என்றார். அந்தப் படத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். எழும்போது, “அந்த அத்தை கேட்டா ஒண்ணும் சொல்லாத” என்றார்.

அத்தை கேட்கவில்லை. மாதங்கள் போயின. அந்த வீட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும் என்று சேமித்து வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் எடுக்காமல் இருக்கத்தான் வைத்திருந்தேன். போன வாரம் வந்தது. மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தது. என் மனைவி எடுத்து என் காதில் வைத்துவிட்டாள். அத்தையின் குரல்.

“இன்னாப்பா, எடுக்கவே மாட்டன்ற? பொண்ணு மாசமா கீறா. வளைகாப்பு வெச்சிக்கீறோம். நீதான் வரணும்.”

“வரேங்கம்மா.”

“அதே லைட்டு எடுத்துக்கினு வா, வேற வேணாம். அத்தனை பனியில, கரண்டு இல்லாத எடத்துல, கடைசி வரைக்கும் எரிஞ்சிது இல்ல. ராசியான லைட்டு அது. அன்னிக்கி அது அணையட்டும்னுதான் பாத்துக்கினு இருந்தேன்.”

சிரிப்பாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா, குரலில் பிடிபடவில்லை.

இப்போது நல்ல பேட்டரி நான்கு வாங்கியிருக்கிறேன். கடைக்குப் பழைய ஒரிஜினலையும் கொண்டுபோய், பக்கத்து மளிகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்றே முடிவுகட்டியிருப்பார். நான்கும் சார்ஜில் இருக்கின்றன. குங்குமம் வைக்கவில்லை. ராசி என்று ஒரு பெண்ணைத் தொங்கவிட்டிருந்த ஆணியில் இப்போது என் லைட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம். என்ன எண் போட்டிருந்தாலும் எந்தப் பேட்டரியும் ஒருநாள் தீரும்.

“வளைகாப்பு எங்கங்க, வூட்டுலயா?” என்று என் மனைவி சமையற்கட்டிலிருந்து கேட்டாள்.

“இல்ல. வேண்டுதலாம், மலைமேல, அதே கோயில்ல.”

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.